தலைமை தலைமுறைச் சொத்தா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து, மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. ஆள் பிடித்தவன் அவன். கடன் கணக்கு வைத்திருந்தவன் அவன். வேலைக்கு வந்த தலைக்குத் தலைக்காசு வாங்கியவனும் அவனே. அவனைத் தேர்ந்தெடுத்தவர் எவருமிலர்.

அந்த அதிகாரத்தை எதிர்த்து எழுந்தது தொழிற்சங்கம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் கிட்டியது. இவற்றை நாம் மறவோம். ஆனால், நன்றி வேறு. அடிமைச் சாசனம் வேறு!

தனிமனித ஈர்ப்பால் எழும் தலைமை, அம்மனிதர் மறைந்தபின் மரபாகவோ சட்டமாகவோ மாறியே தீரும் என்றார் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர். மலையகத்தில் நடந்தது யாது? 1999இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைமைக்குப் பேரர் ஆறுமுகன் வந்தார். 2020இல் அவரும் மறைந்தார். அவர் மகன் ஜீவன் பொதுச் செயலாளரானார். சட்டம் தோற்றது, மரபு வென்றது. ஏனைய சங்கத்தார் நகைக்க வேண்டா. உங்கள் தலைமை நாற்காலியில் ஒருவரே எத்தனை ஆண்டு அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்!

எந்த அமைப்பும் இறுதியில் ஒரு சிலர் கையில் சிக்கும் என்று ராபர்ட் மிச்செல்ஸ் 1911இல் எழுதினார். அதை இயற்கை விதியென நாம் ஏற்கவில்லை. அந்நோயின் வேர் நமக்குத் தெரியும். சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்திற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பி வந்தது. லயத்து வாசலை மிதியாமலே பணம் வந்து சேரும்போது, தலைவர் எவருக்குப் பதில் சொல்வார்? கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத் தலைவர் பதவியில் இருப்போரோ பெரும்பாலும் ஆண்கள். இது நீதியா?

எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைத் தோட்டங்களிலிருந்து இக்குரல் எழட்டும்: ஆண்டுதோறும் தோட்டக் கமிட்டிக்கு இரகசிய வாக்கெடுப்பு வேண்டும்! சந்தாக் கணக்கை உறுப்பினர் முன் வாசிக்க வேண்டும்! கமிட்டியிற் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும்! தலைமைப் பதவிக்குக் கால எல்லை வேண்டும்!

லயத்திற் பிறந்து ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோரே, யாப்பு விதிகளை எழுதிக் கொடுங்கள். மிளகு பயிரிடும் விவசாயிகளே, உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் இதே கேள்வியை எழுப்புங்கள். கங்காணி போய்விட்டான், கங்காணித்தனமும் போக வேண்டும்!