சொல்லாத பாரம்

பெண்களின் உடல் வருத்தங்களுள் வாய்விட்டுச் சொல்லக்கூடியவை சில. சொல்ல இயலாதவை பல. காய்ச்சல், நீரிழிவு, முழங்கால் வலி என்றால் சுற்றத்தார் நலம் விசாரிக்க வருவர். மார்பகங்களின் மிகைப் பாரத்தால் கழுத்தும் தோளும் முதுகும் நோகின்றன என்று ஒரு பெண் கூறினாலோ, கேட்பவர் பேச்சை மாற்றுவார். அன்றேல் பகிடியாக எடுத்துக்கொள்வார். இதனாலேயே எம்மவரிடையே தாய்மார் பலரும் இளம் பெண்கள் சிலரும் இவ்வலியை ஆண்டுக்கணக்கில் மௌனமாகச் சுமந்து வருகின்றனர். இந்த மௌனம் இனியும் வேண்டியதில்லை. அதேவேளை, மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சையை நாடுவோர் அதன் நன்மை தீமை இரண்டையும் அறிந்தே முடிவெடுத்தல் வேண்டும்.

எமது பழம் புலவர்கள் கொங்கையின் பாரம் தாங்காது பெண்ணின் இடை வருந்துவதாகப் பாடுவதை ஒரு மரபாகவே வைத்திருந்தனர். அதனை அழகு என்று வகுப்பறையில் விளக்கவுரை கூறியவர்களுள் நானும் ஒருத்தி. ஆயினும் அப்பெண்ணின் முதுகு நோகுமே என்று எந்த உரையாசிரியரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. பாட்டிலே அழகாக இருப்பது வாழ்விலே வைத்தியரிடம் சொல்லவேண்டிய நோவாக இருக்கலாம்.

மார்பகங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருத்திருப்பவர்களுக்கு ஏற்படும் தொல்லைகள் கற்பனையல்ல. கழுத்திலும் மேல்முதுகிலும் ஓயாத வலி, பிறாப் பட்டி அழுந்தித் தோளில் விழும் பள்ளம், மார்பகத்தின் கீழ் வியர்வை தேங்கி வரும் புண்ணும் பங்கசுத் தொற்றும், ஓடவோ குனிந்து வேலை செய்யவோ இயலாமை ஆகியன இவற்றுட் சில. மனவேதனை இவற்றிலும் பெரிது. பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் ஒன்றைக் கூறுவேன். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கூனி நடக்கும் பிள்ளையையும், விளையாட்டு நேரம் வந்தால் வயிற்றுவலி என்று ஒதுங்கும் பிள்ளையையும் ஆசிரியர்கள் எல்லோரும் கண்டிருப்பர். நிமிர்ந்து நட என்று அதட்டுவது எளிது. ஏன் கூனுகிறாள் என்று கேட்பதே அரிது.

இச்சிகிச்சை ஆடம்பரம் அல்லவா என்று கேட்போர் உளர். இந்நாட்டின் தேசிய சுகாதார சேவையே இதனை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. தோற்றத்திற்காக மட்டும் செய்வதை அது ஏற்பதில்லை. உடல் உபாதைக்காகச் செய்வதை நிபந்தனைகளுடன் ஏற்கிறது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட வழிகாட்டல் அந்நிபந்தனைகளை வரிசைப்படுத்தியது. முதலில் குடும்ப வைத்தியரின் ஆலோசனையும் வலிக்கான சிகிச்சையும் பெற்றிருக்க வேண்டும். தோள், முதுகு வலியாயின் பிசியோதெரபி நிபுணர் பரிசோதித்திருக்க வேண்டும். முறையாக அளந்து வாங்கிய பிறா அணிந்தும் முதுகுவலி நீங்காதிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அரைக் கிலோவோ அதற்கு மேலோ, அல்லது குறைந்தது நான்கு கப் அளவாவது அகற்ற வேண்டியிருத்தல் வேண்டும். உயரத்திற்கேற்ற நிறையைக் காட்டும் பீ.எம்.ஐ. என்னும் சுட்டி 27இற்குக் குறைவாக, ஓராண்டேனும் மாறாது இருத்தல் வேண்டும்.

இரு பக்கமும் சேர்ந்தால் ஒரு கிலோ. கடையில் வாங்கும் ஒரு கிலோச் சீனிப் பொதியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி சமைத்து, பிள்ளை தூக்கி, பஸ் ஏறி, வேலைக்குப் போய் வருவதை ஆண்கள் ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும். ஆடம்பரம் என்ற சொல் அதன்பின் வாயில் வராது.

பீ.எம்.ஐ. நிபந்தனை எம்மவர் பலருக்குத் தடையாகிறது. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள பெண்ணுக்கு 27 என்பது ஏறத்தாழ 67 கிலோ. பாரத்தால் நடக்கவே சிரமப்படுபவளிடம் முதலில் மெலிந்து வா என்று கூறுவது நியாயமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அக்கேள்வி உண்டு. எனினும் அதற்கு வைத்தியக் காரணமும் உண்டு. நிறை கூடியவர்களுக்கு மயக்க மருந்தாலும் காயம் ஆறாமையாலும் வரும் ஆபத்து அதிகம். நிறை குறையும்போது சிலருக்கு மார்பகமும் ஓரளவு சிறுத்துச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது போவதும் உண்டு. மேலும், 2022 ஜூலை முதல் இம்முடிவுகள் ஒவ்வொரு பிரதேசத்திற்கும் உரிய ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகளின் கையில் உள்ளன. ஹரோவில் உள்ளவருக்குக் கூறப்படும் விதி வேறோர் ஊரில் உள்ளவருக்குச் சற்று வேறுபடலாம். ஆதலால் தமது பகுதியின் விதியைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம்.

வைத்தியரிடம் போகுமுன் சில மாதங்களுக்கு, எந்த நாளில் எங்கே வலித்தது, என்ன மருந்து எடுத்தேன், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று ஒரு கொப்பியில் தமிழிலேயே எழுதி வாருங்கள். பெண் வைத்தியரைக் கேட்டுப் பெற முயலலாம். மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார்; அவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கூறலாம். பத்து வயது மகனையோ மகளையோ அழைத்துச் சென்று தாயின் மார்பைப் பற்றி வைத்தியருக்கு மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் செய்யும் கொடுமை. அந்நிலையில் தாய் பாதியை மறைப்பாள். பிள்ளை மீதியை விழுங்கும்.

விசா நிலையை எண்ணி அஞ்சுவோரும் உளர். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்குக் குடிவரவுப் பத்திரம் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களிடமும் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களிடமும் வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் நிலை வேறு; அவர்கள் சட்ட ஆலோசனை பெற்ற பின்பே திகதி குறித்தல் நன்று.

வைத்தியசாலையில் எதிர்பார்க்க வேண்டியவை பல. நிபுணர் மேலாடையின்றிப் பரிசோதிப்பார், அளவெடுப்பார், பதிவுக்காகப் படம் எடுக்க அனுமதி கேட்பார். துணைக்கு ஒரு தாதியை அறையில் வைத்திருக்கக் கேட்பது உங்கள் உரிமை. சத்திரசிகிச்சையன்று உங்களை நிற்கவைத்துப் பேனையால் கோடு வரைவர். முழு மயக்கத்தில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேரம் வேலை நடைபெறும். மிகையான கொழுப்பும் திசுவும் தோலும் அகற்றப்பட்டு, முலைக்காம்பு இரத்த ஓட்டம் அறாதபடி மேலே நகர்த்தப்படும். அகற்றிய திசு வழமையாக ஆய்வுகூடப் பரிசோதனைக்குச் செல்லும். ஓரிரு இரவு தங்க நேரலாம்; இரத்தமும் நீரும் வடியக் குழாய் பொருத்தியிருப்பின் ஓரிரு நாளில் எடுத்துவிடுவர்.

இனி இழப்புகளைக் கூறவேண்டும். வடு நிச்சயம். அது பெரும்பாலும் காம்பைச் சுற்றி வட்டமாகவும், அதிலிருந்து கீழ்நோக்கியும், மார்பின் அடிமடிப்பு நெடுகவும் நங்கூர வடிவில் இருக்கும். காலம் செல்லச் செல்ல மங்குமேயன்றி மறையாது. எமது போன்ற கருந்தோலில் வடு தடித்து மேலெழும் வாய்ப்பு வெள்ளைத் தோலிலும் அதிகம். காம்பின் உணர்ச்சி குறையலாம், அற்றும் போகலாம். இரு பக்கமும் சரிசமமாக அமையாதிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும். எம்மிடையே அந்நோய் மிகுந்திருப்பதால் சீனியின் அளவைக் கட்டுப்படுத்திய பின்பே சிகிச்சைக்குச் செல்லல் வேண்டும். புகைப்பிடித்தல் காயத்திற்குப் பகை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தாய்ப்பால். சிகிச்சைக்குப் பின் சிலரால் பாலூட்ட முடிகிறது, சிலரால் ஓரளவே முடிகிறது, சிலரால் அறவே முடிவதில்லை. யாருக்கு எது என்று எந்த நிபுணரும் முன்கூட்டி உறுதி கூறமாட்டார். ஆதலால் பிள்ளை பெற விரும்பும் இளம் பெண்கள் இதனை ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும். வளர்ச்சி முடியாத வயதில் அவசரப்படுதல் ஆகாது. கர்ப்பத்தாலும் நிறை ஏற்றத்தாலும் மார்பகம் மீண்டும் பெருக்கக்கூடும். இத்தனையும் அறிந்து சிகிச்சை பெற்ற பெண்களுட் பெரும்பாலானோர் வலி குறைந்து மன நிறைவோடு வாழ்கின்றனர் என்பதும் உண்மையே.

தனியார் வைத்தியசாலையில் 6,000 பவுணுக்கு மேல் செலவாகும். சீட்டுப் பிடித்தோ வட்டிக்கு வாங்கியோ செல்ல முனைவோர், சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் பொது வைத்தியப் பேரவையின் விசேட நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் உள்ளதா என்று பாருங்கள். முதற் சந்திப்பிலேயே முற்பணம் கட்டாதீர்கள். மலிவென்று சென்னைக்கோ துருக்கிக்கோ பறப்போர், திரும்பி வந்தபின் காயம் சீழ் கட்டினால் யாரிடம் செல்வது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உடல் தேறுவதற்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். இக்காலத்தில் அவள் சோற்றுப் பானை இறக்கக்கூடாது, பிள்ளையைத் தூக்கக்கூடாது, கையை உயர்த்தி அலுமாரித் தட்டில் சாமான் எடுக்கக்கூடாது, வைத்தியர் அனுமதிக்கும்வரை கார் ஓட்டக்கூடாது. இரவும் பகலும் இறுக்கமான விளையாட்டுப் பிறா அணிந்து மல்லாந்தே படுக்க வேண்டும். வேலைக்கு ஏழு நாட்களுக்கு மேல் போகமுடியாவிடின் வைத்திய அத்தாட்சிப் பத்திரம் தேவை. பிள்ளைப்பேற்றுக்கு முப்பத்தொரு நாள் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கும் சமுதாயம் எம்முடையது. அதே பராமரிப்பு இதற்கும் உரியது. ஊரில் தாயும் மாமியும் அயலும் செய்ததை இங்கே கணவன் செய்ய வேண்டியிருக்கும். லீவு எடுத்து நிற்பதில் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

யார் முடிவெடுப்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தடுக்கும் மாமியாரும், எனக்கு இப்படியே பிடிக்கும் என்று கூறும் கணவரும், நான் பொறுத்துக்கொண்டேனே என்று கூறும் தாயும் அந்த ஒரு கிலோவைச் சுமப்பவர்கள் அல்லர். அவர்களிடம் ஆலோசனை கேட்பது முறை. அனுமதி கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வடு வேண்டாம் என்று வலியோடு வாழத் துணிபவளின் முடிவும், வலி வேண்டாம் என்று வடுவை ஏற்பவளின் முடிவும் ஒரே அளவு மதிப்புக்குரியவை. எந்த முடிவாயினும், அது வெட்கத்தால் எடுத்த முடிவாக இருக்கக்கூடாது. இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எங்கே நோகிறது என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள்.