நிறுத்திய இதயமும் துடிக்கும்

சித்தப்பாவுக்கு மூன்று அடைப்பு. பைபாஸுக்குத் தேதி குறித்தாயிற்று. முதல் நாள் ராத்திரி அவர் மகன் ஆஸ்பத்திரியையே மாற்றிவிட்டான். "அங்கே இதயத்தை நிறுத்திட்டுத்தான் பண்ணுவாங்களாம் அண்ணே, இங்கே துடிக்கும்போதே பண்றாங்க." செய்யப்போகிற டாக்டர் யார், எத்தனை ஆபரேஷன் செய்தவர் என்று அவன் கேட்கவே இல்லை. சித்தப்பா நன்றாக இருக்கிறார். அதைச் சொல்லியே இன்னும் நாலு பேரை அவன் அனுப்பிவைக்கிறான். என் கவலை அதுதான்.

துடிக்கும் இதயத்தில் செய்வது புதுசு, ஆபத்தில்லாதது. நிறுத்திச் செய்வது பழசு, பயங்கரமானது. நம் வீடுகளில் வேரோடிப்போன இந்த நம்பிக்கை தவறு. லெனின்கிராடில் கோலெசோவ் என்ற அறுவை மருத்துவர் 1964-லேயே துடிக்கும் இதயத்தில் ரத்தக்குழாயை இணைத்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் அறுவை மருத்துவர்கள் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் ஹார்ட் லங் மெஷினை நாடியதற்குக் காரணம் உண்டு. அசையாத, ரத்தம் பாயாத இடத்தில் தையல் சுத்தமாக விழும்.

தைக்கிற குழாயின் அகலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். நூலோ தலைமுடி அளவுக்கு மெல்லியது. 'ஆக்டோபஸ்' என்ற கருவி தன் உறிஞ்சிகளால் அந்தச் சின்ன இடத்தைப் பற்றி அசைவைக் குறைக்கும். அப்போதும் சுற்றிலும் இதயம் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பின்பக்கக் குழாயை எட்ட இதயத்தையே தூக்கிச் சாய்க்க வேண்டும்; ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். தேர்ந்த கை இதைச் சமாளிக்கும். பழகாத கை மூன்று மாற்றுக்குழாய் ஒட்டு போட வேண்டிய இடத்தில் இரண்டோடு முடித்துவிடலாம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2,203 பேரிடம் நடந்த 'ரூபி' ஆய்வு 2009-இல் வெளியானது. ஓராண்டு கழித்து அடைபடாமல் இருந்த ஒட்டுகள் துடிக்கும் முறையில் 82.6 சதவீதம், நிறுத்திய முறையில் 87.8. பிறகு வெளியான கணக்கில், ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் முறையே 15.2, 11.9 சதவீதம். அனுபவசாலிகளே செய்தால்? இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரிடம் நடந்த 'கொரோனரி' ஆய்வில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முப்பது நாளிலும் வித்தியாசமில்லை, ஐந்தாண்டிலும் இல்லை. துடிக்கும் முறையில் ரத்தம் ஏற்றுவது குறைந்தது. ஆனால் முதல் மாதத்திலேயே மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள்.

துடிக்கும் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தவருக்கு அங்கே கவ்வி போட்டால் துகள் பெயர்ந்து மூளைக்குப் போகலாம். பெருந்தமனியைத் தொடாமலே, துடிக்கும் இதயத்தில் செய்வது அவருக்கு உயிர்காப்பு. அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், விளம்பரப் பலகை அல்ல. இன்னொன்று: துடிக்கும் முறை என்றால் சின்ன வெட்டு என்று எண்ண வேண்டாம்; பெரும்பாலும் இரண்டு முறையிலும் மாரெலும்பை அறுத்துத்தான் திறக்கிறார்கள்.

நாளை உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு பைபாஸ் என்று சொல்லலாம். அப்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? இவருக்கு எத்தனை ஒட்டு தேவை, அத்தனையும் போடுவீர்களா? நடுவில் அழுத்தம் இறங்கினால் மெஷின் பக்கத்திலேயே தயாராக இருக்குமா?