ஜீப்பில் ஒரு வானொலி: அனுமதி முதலில், கருவி கடைசியில்

வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளிலும், நான்கு சில்லுகளும் இழுக்கும் உயரமான ஜீப் வண்டிகள் தரித்து நிற்பதை இப்பொழுது சாதாரணமாகக் காணலாம். வார இறுதிகளில் நக்கிள்ஸ் மலைப்பக்கமோ, வில்பத்து எல்லைப்புறமோ, வன்னிக் காட்டுப் பாதைகளோ அவற்றின் சொந்தக்காரர்களை அழைத்துக்கொள்கின்றன. கூடுதல் விளக்குகள், இழுவைக் கம்பி, சேற்றுச் சில்லுகள் என ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தபின் அவர்களது கவனம் இருவழி வானொலியின் பக்கம் திரும்புகின்றது. "எந்தக் கம்பனியின் செட் நல்லது?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி.

இக்கேள்வி தவறான முனையில் ஆரம்பிக்கின்றது என்பதே என் கருத்து. முதலில் அனுமதிப்பத்திரம், அடுத்தது அன்ரெனா, அதன் பின்னர் மின்னிணைப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே கருவியின் பெயர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் போகும், குரல் போகாது.

அனுமதியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழர்களாகிய எமக்கு வானொலிக் கருவி வெறும் மின்சாதனமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், 'வோக்கி டோக்கி' என்ற சொல்லே ஒருவரைத் தடுத்துவைக்கப் போதுமானதாக இருந்த காலம் ஒன்று இருந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலும் லொட்ஜ்களிலும் நள்ளிரவுத் தேடுதல்கள் நடந்த நாட்களில், வயர் சுற்றிய எந்தப் பெட்டியையும் வீட்டில் வைத்திருக்க எவரும் விரும்பவில்லை. வடக்கிலோ 1990களில் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டது யாழ்ப்பாணம். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, சர்வதேச நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குரூசர்கள் முன்புறத்தில் நீண்ட அன்ரெனாவை நாட்டிக்கொண்டு ஓடியதைப் பலரும் வியந்து பார்த்தனர். வானொலி என்றால் அது படையினருடையது, இயக்கத்தினுடையது, அல்லது வெள்ளைக்காரருடையது. சாதாரண குடிமகனுடையதன்று என்பது எமது மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

போர் 2009இல் முடிவடைந்தது. ஆனால் அந்தப் பதிவு முற்றாக அழியவில்லை. மூத்த தலைமுறை வானொலியைத் தொடவே தயங்குகின்றது. இளைய தலைமுறையோ எதையும் யோசியாமல் இணையத்தில் மலிவான சீனக் கருவியை வரவழைத்து, அனுமதியின்றிப் பேசத் தொடங்குகின்றது. முதலாவது தேவையற்ற அச்சம். இரண்டாவது ஆபத்தான அலட்சியம். இவ்விரண்டுக்கும் நடுவே சட்டபூர்வமான பாதை ஒன்று இருப்பதைப் பலர் அறியார்.

இந்தப் பாதையில் போகும் சிரமத்தை ஏன் எடுக்க வேண்டும், கையில் தொலைபேசி இருக்கின்றதே என்று கேட்கலாம். கைத்தொலைபேசி தானாக இன்னொரு தொலைபேசியுடன் பேசுவதில்லை. இடையில் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அங்கிருந்து நகரத்துக்கு இழை வடமோ நுண்ணலை இணைப்போ வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் பற்றரி சில மணித்தியாலங்களே தாக்குப்பிடிக்கும். டீசல் கொண்டுபோகும் வீதி மண்ணில் புதைந்திருந்தால் மின்பிறப்பாக்கியும் பயனற்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது மலையகத்தில் நடந்தது இதுதான். 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தத்தில், வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர அறுந்து தனித்துப்போன தோட்டங்களும் கிராமங்களும் பல. வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இருந்த உறவினர்கள் ஒரு குரலுக்காக நாட்கணக்கில் காத்திருந்தனர்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னரும் இதே பாடம் எமக்குக் கற்பிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின், அம்பாந்தோட்டைக்கான தொடர்புகள் செயலிழந்த நிலையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்கள் விக்டர் குணதிலக்கவின் தலைமையில் சிற்றலைக் கருவிகளுடனும் பற்றரிகளுடனும் இயங்கிக் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், வானொலிப் பயணம் ஒன்றுக்காகச் சென்றிருந்த டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தனது நிலையத்தை அவசரச் செய்திகளுக்குத் திருப்பிவிட்டார். இவர்கள் எவரும் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர். ஓய்வு நேரத்தில் வானொலி பழகியவர்கள். ஆனால் சட்டப்படி அனுமதி பெற்றவர்கள். கருவி வேலை செய்யும் என்று முன்கூட்டியே அறிந்தவர்கள். எமது கிழக்குக் கரையிலும் வன்னிக் கரையிலும் அன்று இத்தகைய பயிற்சி பெற்ற குடிமக்கள் ஊருக்கு ஒருவராவது இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. போர் அதற்கு இடம் வைக்கவில்லை. இன்று இடம் உண்டு.

ஆகவே அனுமதியைப் பற்றி முதலில் பார்ப்போம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, உரிய அனுமதிப்பத்திரமின்றி வானொலித் தொடர்புக் கருவியை இயக்குவது குற்றம். அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நிறுவனம் ஒன்று தனக்கென அலைவரிசை பெற்றுத் தனியார் வலையமைப்பு நடத்தலாம். தனிநபருக்கு உகந்த வழி, பரீட்சையில் சித்தியடைந்து அமெச்சூர் அனுமதி பெறுவது. அப்போது '4எஸ்7' என ஆரம்பிக்கும் அழைப்புக் குறி கிடைக்கும். கருவியை இறக்குமதி செய்வதற்கும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவை என்பதை, வெளிநாட்டு உறவினரிடம் பொதி அனுப்பச் சொல்வோர் மறத்தலாகாது. அமெச்சூர் அனுமதி வணிகப் பாவனைக்கன்று என்பதும் கவனிக்கத்தக்கது.

அனுமதி கையில் வந்தபின் எழும் வினா, எந்த அலை என்பது. 144 மெகாஹேட்ஸ் பக்கத்து மீயுயர் அலை, கண்ணுக்கெட்டும் தூரத்து அலை. அணிவகுத்துச் செல்லும் வாகனங்கள் தமக்குள் பேச அதுவே உகந்தது. சமதரையில் சில கிலோமீற்றர் முதல் இருபது கிலோமீற்றர் வரை எட்டும். இடையில் மலை வந்தால் அங்கேயே நின்றுவிடும். பள்ளத்தாக்கிலிருந்து கொழும்புடன் பேச வேண்டுமானால் 7 மெகாஹேட்ஸ் பக்கத்துச் சிற்றலையே துணை. அதனை ஏறத்தாழ நேர் மேலே அனுப்பினால் அயனமண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல நாற்புறமும் இறங்கும். வடக்குத் தெற்காகச் சுமார் 430 கிலோமீற்றர் நீளமுள்ள எமது தீவு பகல் வேளையில் அந்தக் குடைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மலை அதற்குத் தடையன்று.

ஆனால் அந்த அலையின் கால் நீளமே பத்து மீற்றருக்கு மேல். ஜீப்பில் நாட்டும் இரண்டு மீற்றர்க் கோல், சுருள் வைத்து ஏமாற்றிய கோல். கொடுக்கும் மின்சக்தியின் பெரும்பகுதியைச் சூடாக்கிக் கழிக்கும். ஆகவே ஓடும்போது கோலையும், வண்டி நின்றபின் இரு மரங்களுக்கிடையே ஏறத்தாழ இருபது மீற்றர் கம்பியையும் பயன்படுத்துவதே புத்தி. ஒரு சுருள் செப்புக் கம்பி ஆசனத்தின் கீழ் கிடக்கட்டும்.

அடுத்தது வொற் கணக்கு. விற்பனையாளர்கள் இதைச் சொல்லியே விலையை ஏற்றுவர். 5 வொற் கருவியை விட்டு 50 வொற் கருவிக்கு மாறினால், மறுமுனையின் மானியில் இரண்டு புள்ளிகூட முழுதாக உயராது. அதேவேளை, கையடக்கக் கருவியை வண்டிக்குள் வைத்துப் பேசுபவர் இரும்புக் கூட்டுக்குள் இருந்து கத்துபவருக்கு ஒப்பானவர். அவர் ஓர் அன்ரெனாவைக் கூரைமீது ஏற்றினாலே பெரும் மாற்றத்தைக் காண்பார்.

144 மெகாஹேட்ஸ் பட்டைக்கு வேண்டிய கால் அலைக் கோலின் உயரம் அரை மீற்றர்தான். அதற்கு மிகச்சிறந்த இடம் உலோகக் கூரையின் நடுப்புறம். கூரையே அதன் மறுபாதியாகத் தொழிற்படுவதால் அலை நாற்புறமும் சமமாகப் போகும். பின் மூலையில் பொருத்தினால் எதிர்மூலைத் திசையில் ஓங்கியும் ஏனைய திசைகளில் மெலிந்தும் இருக்கும். கன்வஸ் கூரையோ கண்ணாடியிழைக் கூரையோ உள்ள வண்டிகளில் அந்த மறுபாதி இல்லை. அவற்றுக்கு இயந்திர மூடியின் ஓரத்தில் தாங்கி வைப்பதே நன்று.

கூரையைத் துளையிட மனமில்லாதவர்கள் காந்த அடித்தளத்தை நாடுவர். தார் வீதிக்கு அது போதும். காட்டுப் பாதையில் தாழ்ந்த கிளை ஒன்று அதை இழுத்து விழுத்திவிடும். அடியில் சேரும் மணல் வர்ணத்தைச் சுரண்டும். தோட்டத் துரைமார் ஓட்டிய பழைய லாண்ட் ரோவரைத் தேடி வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி: அதன் உடல் அலுமினியக் கலவை. காந்தம் அதில் ஒட்டவே ஒட்டாது.

வடத்தைக் கதவிடுக்கில் நசுக்கிக் கொண்டுபோவது பரவலான வழக்கம். நசுங்கிய வடம் மழைநீரை உறிஞ்சும். பின்னர் கருவி சுடும், குரல் போகாது. வெளியே உள்ள இணைப்புகளை இறப்பர் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். உப்புக்காற்று வீசும் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் வண்டியை நிறுத்துபவருக்கு இது இரட்டிப்பு அவசியம். பொருத்தி முடித்ததும் நிலையலை விகிதத்தை அளக்கும் சிறு மானியால் பரிசோதிக்க வேண்டும். 1.5க்குள் இருந்தால் நிம்மதி. 3ஐத் தாண்டினால் பேசுவதை நிறுத்திவிட்டுப் பிழையைத் தேட வேண்டும்.

மின்னிணைப்பைச் சிகரெட் மூட்டியிலிருந்து எடுப்பது இன்னொரு பொதுவான தவறு. 50 வொற் கருவி பேசும்போது பத்து அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தத் துளைக்கு அவ்வளவு தாங்காது. பற்றரியிலிருந்து நேரடியாகத் தடித்த வயர் இழுத்து, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். பியூஸைக் கருவிப் பக்கத்தில் மட்டும் வைத்தால், இடையில் வயர் உரசி உலோகத்தில் முட்டும்போது தீயைத் தடுக்க எதுவும் இராது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி ஓட்டும் பழைய ஜப்பானிய டீசல் ஜீப்களிற் பல 24 வோல்ற் வண்டிகள். 12 வோல்ற் கருவியை நேரே இணைத்தால் அந்தக் கணமே எரியும். இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால், அது வாட மற்றையது மிகையாக ஏறிக் கெடும். இவற்றுக்கு 24இலிருந்து 12க்கு மாற்றும் சாதனம் கட்டாயம்.

கருவியை எங்கே வைப்பது? காற்றுப்பை விரியும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். விபத்தில் தலை மோதும் உயரத்திலும் வேண்டாம். ஒரு கிலோ எடையுள்ள பெட்டியை ஒட்டுநாடாவில் நம்பி விடுவதும் தகாது. ஜீப் புரண்டால் அது கல்லாகிவிடும். உலோகத்தில் ஆணி முறுக்கிப் பூட்ட வேண்டும். முகப்பு தனியாகக் கழலும் கருவியாயின், உடலை ஆசனத்தின் கீழும் முகப்பைக் கைக்கெட்டும் இடத்திலும் வைக்கலாம்.

இத்தனைக்கும் பின்னர்தான் கம்பனியின் பெயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எதைக் காட்டினாலும், அங்கீகாரம் பெற்றதா, அலையை அயல் அலைவரிசைகளில் சிந்தாததா, திருத்துவதற்கு ஆள் உண்டா என்ற மூன்றையும் கேட்டால் போதும்.

செய்மதி இணையம் வந்துவிட்டதே என்பார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் ஆரம்பமானது உண்மை. அது வரவேற்கத்தக்கது, வானொலிக்கு அது மாற்றன்று. மாதக் கட்டணமும் வானத்தை நோக்கிய தட்டும் அதற்கு வேண்டும். ஏழு ஜீப்கள் சேற்றில் நிற்கையில் முன்வண்டி சொல்லும் எச்சரிக்கையை ஏழு வண்டியும் ஒரே கணத்தில் கேட்பதற்கு ஒரு பொத்தானை அழுத்தும் வானொலிக்கு நிகரில்லை.

இறுதியாக ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிவு லயன் வீடுகளை விழுங்கியது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் மண்சரிவு வீடுகளை விழுங்கியது. இத்தகைய இடங்களுக்கு முதலில் ஏறிப்போகக்கூடியவை ஜீப் வண்டிகள். அவற்றின் ஓட்டுநர்களைப் பரீட்சைக்கு ஊக்குவித்து, மாவட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையங்களில் பதிவுசெய்து, ஆண்டுக்கொருமுறை ஒத்திகை நடத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பரீட்சையை அட்டனிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடத்த வேண்டும். தமிழில் தெளிவான பாடநூல் வேண்டும். பாதுகாப்புத் தரப்பின் சரிபார்ப்பு எந்தக் கட்டத்தில் வந்தாலும் அதற்குக் காலவரையறை வேண்டும். அனுமதி பெற்றவன் ஒவ்வொரு தடவையும் தன் அழைப்புக் குறியைச் சொல்லியே பேசுகின்றான். தேசிய பாதுகாப்புக்கு அவனால் வரும் ஆபத்து என்ன? பெயரற்ற மலிவுக் கருவிகள் பெருகுவதே பாதுகாப்புக்குக் கேடு.

எம்மவரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். புதிய சில்லுகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியும், பரீட்சைக்குப் படிக்கச் சில வார இரவுகளும் போதும். அடுத்த மாரி எப்படியும் வரும். அதற்குள் 4எஸ்7 என்று தொடங்கும் தமிழ்க் குரல்கள் சில மலையகத்திலும் வன்னியிலும் ஒலிக்கப் பழகியிருக்கட்டும்.