கணக்கெடுப்பு வேலை மலைமக்களுக்கே

ஆலங்காயம் உள்ளிட்ட ஜவ்வாது மலைக் காடுகளில் தாவரங்களையும் விலங்குகளையும் கண்காணிக்கும் பருவகாலப் பணிகளை அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கே உரிய ஊதியத்துடன் அரசு வழங்க வேண்டும். வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால், இரண்டு நாள் வந்துபோகிறவர்களால் கடுக்காய் பூக்கும் காலம் தள்ளிப்போவதையோ கரடி தடம் மாறுவதையோ அறிய இயலாது. இக்காடு தேசியப் பூங்காவோ புலிகள் காப்பகமோ அல்ல என்பது இவ்வேலையை மறுக்க ஏற்கத்தக்க காரணமன்று. புலிகள் காப்பகங்களான முதுமலையிலும் ஆனைமலையிலும் பழங்குடிக் காவலர்கள் கணக்கெடுப்பில் ஈடுபடுகிறார்கள். வேலையின்மைக்கு இம்மலை கொடுக்கும் விலையும் பெரிது: 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். உள்ளூரில் கூலி இல்லாததால்தான் இம்மலை இளைஞர்கள் செம்மரத் தரகர்களிடம் சிக்குகிறார்கள். இவ்வேலையை மலைமக்களுக்குத் தரச் சட்டமும் துணை நிற்கிறது: வன உயிர்களைக் காக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராமசபைகளுக்கும் அளித்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பே கிராமசபைகள் வழியாக ஆட்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, ஊதியத்தை அவர்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த வனத்துறை ஆணையிட வேண்டும்.