நட்டது எத்தனை, பட்டது எத்தனை?

ஒரு சின்னக் கணக்கு. காலையில் ஆயிரம் மரக்கன்று நடுகிறோம். போட்டோ எடுத்துக்கொண்டு, மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் ஏறுகிறோம். கன்றெல்லாம் பட்டுப்போகிறது. அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி ஆயிரம். மொத்தம் எத்தனை மரம்? ‘இரண்டாயிரம்’ என்றால், ஆண்டறிக்கை எழுதுகிற தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.

பி.காம். படித்தவன் கேட்கிறேன். வரவை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாமல் விட்டால், எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

உங்கள் தெருப் பூங்கா என்றால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் ஊற்ற ஒரு வாட்ச்மேனாவது இருப்பார். பழவேற்காட்டில் இந்த வித்தை பலிக்காது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. அங்கே வேண்டியது அலையாத்தி மரம். 2023-ல் மத்திய பட்ஜெட்டிலேயே, அலையாத்தி நடுவதற்கென்று ‘மிஷ்டி’ என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இது வாளித் தண்ணீரில் வளர்கிற மரமில்லை. இதற்குக் கடல்தான் வாட்ச்மேன்.

ஓதம் ஏறணும், இறங்கணும். சேற்றுக்கு மேலே பென்சில் நட்டுவைத்த மாதிரி நிற்கிற வேர்களால் மூச்சு விடுகிற மரம் அது. தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டும். வராமலே போனால் மண்ணில் உப்பேறிக் கருகும். அந்தத் தண்ணீர் வந்து போகிற வாசல்தான் முகத்துவாரம். அது மணல் மூடி அடைபடுகிறது என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பல வருடப் புலம்பல். வாசலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் தோட்டம் போடுவதா?

‘ஏதோ நல்லது செய்யறாங்க, அதையும் குறை சொல்றீங்களே சார்’ என்பீர்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் நல்ல மனசோடுதான் அலையாத்தி நட்டார்கள். 23 இடங்களைப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு நட்டதில் தேறியது இருநூற்றுச் சொச்சம்.

சரி, ஜெயித்த இடமே இல்லையா? இருக்கிறது. பிச்சாவரம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மொட்டையடித்த காடு. தரை தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்புப் படிந்து கிடந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் எடுத்தது கன்றை அல்ல, மண்வெட்டியை. மீன் முள் மாதிரி கால்வாய் வெட்டி, ஓதத்தை உள்ளே விட்டார்கள். அப்புறம்தான் நட்டார்கள். காடு திரும்பி வந்தது.

இன்னொன்று. நமக்கு வெறும் சேறாகத் தெரிவதெல்லாம் காலி மனை இல்லை. பழவேற்காட்டுச் சேற்றில்தான் பூநாரை இரை தேடுகிறது. அங்கேதான் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பெண்கள் உலை வைக்கிறார்கள். அதன் மேல் கன்றை நட்டால் அதற்குப் பெயர் பசுமை இல்லை, ஆக்கிரமிப்பு. சரியான இடத்தில் நட்டாலோ, வேரடியில் இறால் குஞ்சும் நண்டும் பதுங்கி வளரும். நாளைக்கு வலையில் விழப்போவது அதுதான்.

எது சரியான இடம்? யாரைக் கேட்பது? யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாக ஏரியைப் பங்கிட்டுக்கொண்ட ‘பாடு’க்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைக் கன்று பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கச் சொல்லாதீர்கள். இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காவல் காக்கக் கூலியும் கொடுங்கள்.

அடுத்த முறை ‘ஒரு மரம் நூறு ரூபாய்’ என்று ரசீதுப் புத்தகத்தோடு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். ஊர்க்காரர்களைக் கேட்டீர்களா? ஓதம் வருகிறதா? மூன்றாம் வருடம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது யார்?

பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால், அந்த நூறு ரூபாய்க்குப் பழவேற்காட்டில் மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். மீனவர் கணக்கிலாவது வரவு ஏறும்.