ஒயினில் சோடா ஊற்றலாமா?

வெளியூரில் இருக்கும் நம்ம குடும்பங்கள் சனிக்கிழமை ராத்திரி யார் வீட்டிலாவது கூடும்போது கவனித்திருப்பீர்கள். முதல் அரைமணி நேரம் எல்லோரும் ஹாலில். அப்புறம் ரங்கமணிகள் ஒவ்வொருவராக மொட்டை மாடிக்கு நழுவுவார்கள். தங்கமணிகள் கிச்சனில், பிள்ளைகள் டிவி முன்னால். "அப்பா எங்கே?" என்று குழந்தை கேட்டால் "ஆபீஸ் விஷயம் பேசறாங்க" என்று பதில் வரும். பத்து வயசுப் பிள்ளைக்கு அது என்ன ஆபீஸ் என்று தெரியாதா என்ன? :)

என் கட்சி இதுதான். குடிக்காதவர்கள் தொடவே வேண்டாம். குடிப்பவர்கள் மாடியில் ஒளிந்து விஸ்கி அடிப்பதற்குப் பதில், ஹாலிலேயே உட்கார்ந்து ஒரே ஒரு ஒயின் ஸ்பிரிட்ஸ் குடிக்கலாம்.

அது என்ன ஸ்பிரிட்ஸ்? ஜெர்மன் மொழியில் 'ஸ்பிரிட்ஸன்' என்றால் தெளிப்பது. 19ம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ் பக்கம் ஆஸ்திரியர்களின் ஆட்சி. அங்கே வந்த சிப்பாய்களுக்கு உள்ளூர் ஒயின் தாங்கவில்லையாம், தண்ணீர் தெளித்துக் குடித்தார்கள் என்பது கதை. பிறகு தண்ணீர் போய் சோடா வந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

செய்வது மோர் கலக்குவதை விடச் சுலபம். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வேண்டும். நாசிக்கில் செய்கிற செனின் பிளாங்க் போதும், விலை கூடின பாட்டில் தேவையில்லை. ஒயின், சோடா இரண்டையும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வையுங்கள். பெரிய கிளாஸில் ஐஸ், 100 மில்லி ஒயின், கடைசியாக 100 மில்லி சோடா. ஒரே ஒரு சுற்றுக் கலக்கினால் போதும், ரொம்பக் கலக்கினால் கேஸ் போய்விடும். மேலே ஒரு ஆரஞ்சுத் துண்டு, நாலு புதினா இலை. சோடாவுக்குப் பதில் ஸ்ப்ரைட் ஊற்றாதீர்கள், சர்பத் ஆகிவிடும்.

காமர்ஸ் படித்தவன், கணக்குப் போடாமல் விடமாட்டேன். ஒயினில் ஆல்கஹால் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லியில் 12 மில்லி. நம்ம நாட்டு விஸ்கி 42.8 சதவீதம். ஒரு லார்ஜ் 60 மில்லி என்றால் அதில் கிட்டத்தட்ட 26 மில்லி. ஆக, ஒரு ஸ்பிரிட்ஸ் அரை லார்ஜுக்கும் குறைவு. ஆனால் ஜூஸ் மாதிரி இறங்குகிறதே என்று மூன்று குடித்தால் 36 மில்லி, லார்ஜைத் தாண்டியாச்சு! சோடா ஊற்றினால் அளவு கூடுமே தவிர, உள்ளே இருக்கும் சரக்கு குறையாது. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றச் சொல்வது அதனால்தான்.

"ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதாமே?" என்று ஆரம்பிப்பவர்களுக்கு: எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிப்பதென்றால் ஆசைக்குக் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள். மருந்து என்று கணக்கு எழுத வேண்டாம்.

"குழந்தைகள் எதிரிலா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்ம ஊரில் குடி என்றாலே டாஸ்மாக் வாசலில் நின்று கடகடவென்று ஊற்றிக்கொள்வது, இல்லையென்றால் மகா பாவம். நடுவில் ஒன்றும் கிடையாது. மாடிக்கு ஓடும் அப்பாவும் பிள்ளைக்கு ஒரு பாடம் நடத்துகிறார். 'ஒளிந்து செய், சீக்கிரம் முடி' என்பதுதான் அந்தப் பாடம். அதே அப்பா ஹாலில், அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துப் பேசிக்கொண்டு, இரண்டாவதுக்கு "போதும்" என்று சொன்னால் அதுவும் ஒரு பாடம்தான். எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

கூடவே இரண்டு விஷயம். வேண்டாம் என்பவருக்கும் அதே கிளாஸில் எலுமிச்சை, புதினா போட்ட சோடா கொடுங்கள். யாரும் அவரை "சும்மா ஒரு வாய்" என்று நச்சரிக்கக் கூடாது. வண்டி ஓட்டுபவருக்கும் அதே சோடாதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் கேஸ் என்கிறது சட்டம், ஆனால் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

டிஸ்கி: குஜராத், பீகார் மக்கள் எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொள்ளவும். மகாராஷ்டிரத்தில் இருப்பவர்கள் பர்மிட் எடுத்துவிட்டீர்களா? :)