ஒயில் கூடினால் புகைதான் கூடும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்டாலே எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கு: ஒயிலைக் கொஞ்சம் கூட விட்டால் எஞ்சினுக்கு நல்லம். பழைய ஆர்எக்ஸ் 100 ஓடினவர்களும் படகு எஞ்சினோடு வளர்ந்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ட்ரயல்ஸ் பைக் விசயத்தில் இந்த நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 'ரேசிங்' என்று பெரிய எழுத்தில் போட்ட விலைகூடின போத்தலையும் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

ட்ரயல்ஸ் வேகப்போட்டி இல்லை. இருக்கை எண்டு சொல்ல ஒன்றுமில்லாத மெலிந்த பைக்கில் எழுந்து நின்றபடி, பாறை, மரவேர், ஓடை என்று மெல்ல மெல்லக் கடப்பது. கால் ஒருமுறை நிலத்தில் ஊன்றினால் 1 தண்டப்புள்ளி, விழுந்தால் 5. பீட்டா, ஷெர்கோ மாதிரியான கம்பனிகள் இதற்கு இன்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் போடுகின்றன.

இந்த எஞ்சினில் ஒயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து விடும் ஒயில்தான் கிராங்க் பெயரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து வெளியே போகிறது. எரிந்து போக வேண்டும், அதுதான் முக்கியம். ட்ரயல்ஸில் எஞ்சின் பெரும்பாலும் குறைந்த சுற்றிலேயே ஓடுவதால் கூடுதலாக விட்ட ஒயில் எரியாமல் அடியில் தேங்கும், பிளக்கில் கரியாகும், சைலன்சரில் பிசினாக ஒட்டும். பத்து நிமிசம் உருட்டிவிட்டு, தோளளவு பாறைக்கு முன்னால் நின்று திடீரென்று திறக்கிறீர்கள். எஞ்சின் ஒரு கணம் இருமி, புகை கக்கி, பிறகுதான் இழுக்கும். அந்த ஒரு கணத்தில் நீங்கள் பாறைக்குக் கீழே, பைக் உங்களுக்கு மேலே. இன்னொன்று: கலவையில் ஒயில் கூடினால் அந்தளவுக்குப் பெற்றோல் குறையும். அதுவும் எஞ்சினுக்கு நல்லதில்லை.

அதுக்காக ஒயிலைக் குறைச்சுக்கொண்டே போகச் சொல்லவில்லை. ஒயில் போதாமல் பிஸ்டன் பிடித்தால் செலவு எக்கச்சக்கம். உங்கள் பைக்கின் கைநூல் சொல்லும் அளவே அளவு. ட்ரயல்ஸ் பைக்குகளுக்கு ஒன்றரை வீதம் என்று சொல்லும் கைநூல்கள் உண்டு. அதாவது 1 லீற்றருக்கு 15 மில்லி லீற்றர். பழைய பைக்குக்குப் பழகின கை இதை நம்பாது.

இனி எந்த ஒயில்? ரேஸ் ஒயில்களில் சில ஆமணக்கெண்ணெய் சேர்ந்தவை. காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். உச்சச் சுற்றில் கொதிக்கும் எஞ்சினுக்கு அது அருமையான சாமான், வாசமும் ஒரு தனி வாசம். மெல்ல ஓடும் எஞ்சினில் பிசின்தான் மிச்சம்.

கடற்கரை ஊர்களில் லேசாகக் கிடைப்பது படகு எஞ்சின் ஒயில், ரீசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கும். "ரெண்டும் டூ ஸ்ட்ரோக் தானே, என்ன வித்தியாசம்?" எண்டு கேட்பினம். படகு எஞ்சினுக்குள் குளிர்ந்த கடல்தண்ணீர் புதுசு புதுசாக ஓடிக்கொண்டிருக்கும். ட்ரயல்ஸ் பைக்கிலும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், நடைவேகத்தில் காற்றும் படாது. அந்தச் சூட்டில் பிஸ்டன் வளையங்களைச் சுத்தமாக வைத்திருப்பது படகு ஒயிலின் வேலை இல்லை. அவசரத்துக்கு ஒரு தாங்கி ஓடலாம், வழக்கமாக்கக் கூடாது. கார் எஞ்சின் ஒயிலைக் கலப்பதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், அதிலுள்ள உலோகச் சேர்மானம் எரிந்து சாம்பலாகும்.

நாங்கள் பார்க்கச் சொல்வது போத்தலின் பின்பக்கத்தை. அங்கே ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கும். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று படிகள். எஃப்சியும் எஃப்டியும் புகை குறைந்தவை. எஃப்டி உள்ளே கரி படியாமல் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளும். மெல்ல ஓடும் எஞ்சினுக்கு வேண்டியது இதுதான். எஃப்டி கிடைக்காவிட்டால் எஃப்சி காணும். சிவப்பா, பச்சையா, நீலமா என்று பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். லூசாக அளந்து ஊற்றித் தரும் ஒயிலை எந்த நிறத்திலும் வாங்காதீர்கள்.

அளக்கிறதுக்கு போத்தல் மூடி சரிவராது. பார்மசியில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். ஒன்றரை வீதக் கணக்கில் 5 லீற்றருக்கு 75 மில்லி லீற்றர். வேற கானில் கலந்து, நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.